ஞாயிறு மட்டும் ஆட்டுப் பங்கு: இறைச்சியைக் குறைப்பதா, முற்றாக விடுவதா?

போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காக மச்சம் விட்டோம். பொங்கல் முடிந்தபின் பழையபடி வாரம் ஐந்து நாள் இறைச்சிக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஞாயிறு ஆட்டுப் பங்கோடு நிறுத்திக்கொண்டோம். இடையில் இரண்டு நாள் மீன்.

அடிக்கடி இறைச்சி வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும், விற்றமின் பி12 கிடைக்கும், ஒரு கறியோடு சமையல் முடியும். செலவைப் பற்றி கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்வருகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சிவப்பு இறைச்சிக்கு ஓர் அளவு உண்டு. சமைத்த நிலையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். ஆடும் மாடும் மாறி மாறிச் சமைத்த காலத்தில் நாங்கள் அதைப் புதன்கிழமைக்குள்ளேயே தாண்டியிருப்போம். சொசேஜஸ் இன்னும் மோசம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்திவிட்டது. அதை வீட்டுக்குள் எடுப்பதே இல்லை.

முழுச் சைவத்தில் விரத நாட்களைத் தவிர நான் இருந்து பார்த்ததில்லை. அதனால் அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. பால், தயிர், முட்டையையும் விடுகிறவர்கள் பி12க்கு வைத்தியரிடம் கேட்டு வழி செய்ய வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

எது நல்லது என்பதைத் தீர்மானிப்பது, இறைச்சி இருந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான். முதல் இரண்டு கிழமை நாங்கள் அதில் பிழை விட்டோம். கறி குறைந்தது, சோறு கூடியது. அம்மாவுக்குச் சீனி வருத்தம்; சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் மீற்றரில் அளவு முன்னைவிட ஏறியிருந்தது. இறைச்சியை விட்டுச் சோற்றைக் குவித்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்புறம்தான் பயறுக்கு வந்தோம். வயல் வெட்டியபின் ஈரம் காயமுன் விதைத்தால் இரண்டு மாதத்தில் கைக்கு வரும் பயிர் அது. 100 கிராம் காய்ந்த பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். இறைச்சியில் துளியும் இல்லாத நார்ச்சத்தும் உண்டு. இரவே ஊறப் போட்டு, காலையில் தோல் வெடிக்கும் பதத்துக்கு அவித்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுகிறோம். கோப்பையில் கால் பங்கு சோறு, கால் பங்கு பயறு, மிச்சம் முருங்கையிலை வறையும் பூசணியும். மீன் நாளில் பயறின் இடத்தில் முல்லைத்தீவுச் சூடையோ குளத்து விராலோ வரும். இரண்டு மாதத்தில் அம்மாவின் அளவு இறங்கியது. மருந்தும் எடுக்கிறா, அதனால் பயறால் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து இறைச்சியினுடையதைப் போலச் சுலபமாகச் சேராது. அது சேரத் தேசிக்காய் உதவும், தேத்தண்ணி தடுக்கும். இப்போது பயறை இறக்கியதும் பாதித் தேசிக்காய் பிழிகிறோம். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீயை மூன்று மணிக்குத் தள்ளிவிட்டோம். அம்மாவுக்கு இறைச்சியைக் குறைத்ததைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.