கியர் பாக்ஸை இறக்கியாச்சு: ஃப்ளைவீலைக் கடைவதா, புதுசு போடுவதா?

மேட்டில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏறலை, கூடவே கருகல் வாடை. கிளட்ச் போச்சு என்று சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை. கியர் பாக்ஸ் தரைக்கு வந்த பிறகுதான் குழப்பமே. பட்டறையில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். லாரிக்காரர் ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. கிளட்ச் பிளேட் விலை பெரிசில்லை, கியர் பாக்ஸை இரண்டாம் தடவை இறக்குவதுதான் பெரிசு. அதில் கூலி, நின்றுபோன வாடகை, தவணை எல்லாம் சேரும்.

முதலில் ஃப்ளைவீல், அதாவது இன்ஜினோடு சுற்றும், கிளட்ச் பிளேட் உரசும் கனத்த சக்கரம். முகத்தில் நேர்ப்பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை, கோடும் இல்லை, வெறும் பளபளப்புதான் என்றால் எமரி தாள் போட்டுத் துடைத்தால் போதும். நீலத் திட்டுகள் இருந்தால் கதை வேறு. சூடேறி அந்த இடத்து வார்ப்பிரும்பு மட்டும் கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் வித்தியாசம். லேத் டூல் கெட்டியான திட்டைத் தொட்டதும் லேசாக ஏறி இறங்கும். சுற்றியுள்ள மெத்தென்ற இரும்பு வெட்டுப்படும், திட்டு மேடாகவே நிற்கும். விரலால் தடவினால் தெரியாது. லோடு ஏற்றி முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறும், அப்போது தெரியும். கிரைண்டிங் கல்லுக்குக் கெட்டி, மெத்து எல்லாம் ஒன்றுதான், சமமாக எடுத்துவிடும். கடைசல் பட்டறை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது, கிரைண்டிங்குக்கு ஊர் தாண்டிப் போக வேண்டும் என்றாலும் திட்டு விழுந்த ஃப்ளைவீலுக்கு நான் கிரைண்டிங் பக்கம்தான்.

இன்னொன்று. சில வண்டிகளில் ஃப்ளைவீல் தட்டையாக இருக்காது, சட்டி போல் உள்வாங்கியிருக்கும். பிளேட் உரசும் முகம் உள்ளே, பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு வெளியே. உள்முகத்தில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் விளிம்பிலும் அதே அரை மில்லிமீட்டர் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட் முழு அழுத்தம் தராது, புத்தம்புது பிளேட்டும் ஸ்லிப் அடிக்கும். பழியெல்லாம் பிளேட் கம்பெனி மேல் விழும். கடையக் கொடுக்கும் முன் டெப்த் கேஜ் வைத்து ஆழத்தை அளந்து ஃப்ளைவீல் முதுகிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் அளந்தால் அதே அளவு வர வேண்டும்.

அப்படியானால் புதுசு எப்போது? விரிசல் போல்ட் ஓட்டை வரை ஓடியிருந்தாலோ, மேனுவலில் சொன்ன அளவுவரை எடுத்தும் விரிசல் மறையாவிட்டாலோ யோசிக்கவே வேண்டாம். ஃப்ளைவீலின் ஓரத்தில் ஸ்டார்ட்டர் பிடிக்கும் ரிங் கியர் பல் தேய்ந்ததற்காக மட்டும் ஃப்ளைவீலை மாற்றுவது வீண். ரிங்கைத் தனியாகச் சூடாக்கி ஏற்றிக்கொள்ளலாம். புதுசு வாங்கும்போது சென்சார் ஓட்டைகளைப் பழசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக் டீசல் வண்டிகள் பலவற்றில் இன்ஜின் சுற்றுவதை அந்த ஓட்டைகளை வைத்துத்தான் சென்சார் கணக்கிடுகிறது. மாறிப்போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

அடுத்து அரை செட்டா, முழு செட்டா, அதாவது பிளேட்டை மட்டும் பார்ப்பதா, எல்லாவற்றையும் மாற்றுவதா. பழைய பிளேட்டில் புது ஃபேசிங் (உரசும் பட்டை) ரிவெட் அடித்துப் போடுவது மலிவுதான். ஆனால் நடுவில் ஷாஃப்ட் நுழையும் ஹப் பல்லும் ஸ்பிரிங்கும் பழசாகவே இருக்கும். பாதி வழியில் நின்ற வண்டியை ஊர் சேர்க்க அது சரி. பிளேட் மட்டும் புதுசு போட்டுப் பிரஷர் பிளேட்டைப் பழசாக விடுவதும் எனக்கு ஒப்பாது. ரிலீஸ் பேரிங் அழுத்தும் ஃபிங்கர் நுனிகள் தேய்ந்திருக்கும், முகமும் வளைந்திருக்கும். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், கியர் பாக்ஸ் முன் சீல் எல்லாம் கையோடு மாற்ற வேண்டியவை. சீல் கசிந்து ஃபேசிங்கில் எண்ணெய் பட்டால் செய்த வேலை மொத்தமும் போச்சு.

செராமிக் பிளேட் என்று ஒரு மோகம் இருக்கிறது. சூட்டைத் தாங்கும், உண்மைதான். குவாரி டிப்பருக்குப் போடலாம். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், ஃப்ளைவீலையும் சீக்கிரம் தின்னும். குடோனில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கும் சரக்கு லாரிக்குச் சாதா ஆர்கானிக் பிளேட்டே நல்லது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அது ஏறிவிடும், டிரைவர் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டாமல் இருந்தால்.

கருவிகளில் காசு போட வேண்டியது கியர் பாக்ஸ் ஜாக்குக்குத்தான். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியைச் செயின் புளாக்கில் தொங்கவிட்டு நாலு பேர் தள்ளினால் இறக்க முடியும். ஏற்றும்போது நேராக நுழைப்பது கஷ்டம். கனம் முழுவதும் பிளேட் ஹப்பில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். ஜாக்கில் ஏற்றம், சாய்வு இரண்டையும் திருகித் திருகிச் சரிசெய்யலாம். ஜாக் இல்லையென்றால் இரண்டு நீள போல்ட்டின் தலையை அறுத்துப் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) ஓட்டைகளில் வழிகாட்டியாகத் திருகிக்கொள்ளுங்கள், பாதிக் கஷ்டம் குறையும். முப்பது நாற்பது கிலோ ஃப்ளைவீலைக் கழற்றும்போதும் இதே உத்தி, காலில் விழாது.

பிளேட்டை நடுவில் நிறுத்த உதவும் டம்மி ஷாஃப்ட்டுக்கு மட்டும் காசு செலவழிக்காதீர்கள். அதே மாடல் கியர் பாக்ஸின் பழைய இன்புட் ஷாஃப்ட் காயலான் கடையில் கிடைத்தால் கடையில் விற்கும் பொதுக் கருவியைவிட அதுதான் கச்சிதமாக உட்காரும். கண் மதிப்பில் சென்டர் பார்ப்பவர்களும் உண்டு. கியர் பாக்ஸ் நுழையாமல் அரை நாள் மல்லுக்கட்டுவதும் அவர்கள்தான்.

பிரஷர் பிளேட் போல்ட்டை ஏர் கன்னால் ஒரே பக்கமாக அடிக்கக் கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் டார்க் ரெஞ்ச். பெல் ஹவுசிங் தூசியைக் கம்பிரசர் காற்றால் ஊதவும் வேண்டாம். பழைய ஃபேசிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அப்புறம், கியர் பாக்ஸ் கடைசி அரை அங்குலம் உள்ளே போக மறுத்தால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், பெல் ஹவுசிங் காது உடையும். பின்னால் இழுத்து, கியர் போட்டு, அவுட்புட் ஃபிளாஞ்சைக் கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பல் சேர்ந்து தானாகப் போய் உட்காரும்.