செக்ரோல் மென்பொருளும் எக்செல் தாளும்: தோட்ட ஆபீஸ் அனுபவம்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் அன்றாட வேலைப்பதிவும் சம்பளக் கணக்கும், பார்ப்பது என் வேலை. கைப்பதிவு, கொழும்பிலிருந்து வந்த சம்பள மென்பொருள், அதற்குத் துணையாக நாங்களே போட்டுக்கொண்ட எக்செல் தாள் என மூன்றோடும் மாரடித்தாயிற்று. வேகத்தில் மென்பொருளை மிஞ்ச முடியாது. ஒரே அழுத்தில் எல்லோருக்கும் சம்பளச் சிட்டை வந்துவிடும்.

சிக்கல் சிட்டை கைக்குப் போன பிறகுதான். "ஐயா, புதன்கிழமை எனக்கு ஏன் அரைப்பேர்?" என்று, அதாவது ஏன் அரைநாள் சம்பளம் என்று, ஒரு அக்கா யன்னலில் வந்து நிற்பார். மென்பொருளில் 0.5 என்று மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவோம். அது ஒரு பதிலா?

இப்போது தாளைத் திறந்து காட்டலாம். நிறுத்த கொழுந்து 19 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது 3, மிச்சம் 16, அன்றைய நோம் (முழுப்பேருக்குப் பறிக்கவேண்டிய அளவு) 18. "அந்த மூணு கிலோவை ஏன் வெட்டினாங்க?" என்று அக்கா நேரே நிறுவைக்காரரிடம் போய்க் கேட்கிறார். சண்டை போகவேண்டிய இடத்துக்குப் போகிறது.

சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயானது, 2024இல் 1350. தாளில் வீதங்களுக்குத் தனிப் பக்கம் வைத்திருப்பதால், ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். மென்பொருளில் அதே வேலைக்கு ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

நார்வேயில் 1970களின் தொடக்கத்திலேயே கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, ஆலைக்கு வரும் கணினித் திட்டங்களைத் தொழிலாளர்களே புரிந்துகொண்டு கேள்வி கேட்க வழிசெய்தார். எங்களுக்கு மென்பொருள் வாங்கியபோது செக்ரோல் எழுதுகிற ஒருவரையும் கேட்கவில்லை!

தாளுக்கும் குறை உண்டு. யாராவது சூத்திரத்தின்மேல் எண்ணை அடித்துவிட்டால் தெரியாது, கட்டங்களைப் பூட்டித்தான் வைக்கவேண்டும். பழைய பெயர்ப்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது பெரிய தலைவலி. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. தேடினால் கிடைக்காது, அகரவரிசையும் குழம்பும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்குக்கும் கடைசிச் சிட்டைக்கும் மென்பொருளையே வைத்திருக்கிறோம். புதிதாக வாங்கப்போகிறவர்கள், விற்கவருபவரிடம் அரைப்பேர் விதியை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர் மாற்றினால் போதாது, உங்கள் கிளாக்கர் கையால் மாற்றவேண்டும்.