கச்சான் காற்றுக்கு எந்தக் கண் துளி?

கச்சான் வீசத் தொடங்கினால் திருகோணமலை பாமசிகளில் "கண் உறுத்துது தம்பி, விடுறதுக்கு ஏதாவது தாங்க" என்ற குரல் கூடிவிடும். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் சரியும் தென்மேற்குக் காற்று சூடாகவும் வறண்டும் வருகிறது. கண்ணீர் ஊறும் வேகத்தை ஆவியாகும் வேகம் முந்திவிடும். முகக் கண்ணாடி இல்லாத ஹெல்மட்டோடு நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுபவருக்கும், தலைக்கு நேரே ஃபேனைப் போட்டுத் தூங்குபவருக்கும் தொல்லை இரட்டிப்பு. கண்ணால் தண்ணீர் வழிகிறதே, இது எப்படி வறட்சி என்று பலர் நம்ப மறுப்பார்கள். காய்ந்துபோன கருவிழி எரிந்து வரவழைக்கும் தண்ணீர் அது. எண்ணெய்ப் பசை போதாததால் கண்ணில் நிற்காமல் கன்னத்தில் இறங்கிவிடும்.

கடையில் கிடைக்கும் செயற்கைக் கண்ணீரை எடைபோட, பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு வரி போதும்: ஈரம் தரும் பொருள் எது, கிருமி வளராமல் தடுக்கச் சேர்த்தது எது.

ரிஃப்ரெஷ் டியர்ஸில் இருப்பது 0.5% கார்பொக்சிமெதில்செலுலோஸ். மெல்லிய திரவம், விட்டவுடன் பார்வை மங்காது, படிக்கவும் வாகனம் ஓட்டவும் தடையில்லை. இதன் ஒக்சிகுளோரோ வகைப் பாதுகாப்புச் சேர்க்கை வெளிச்சம் பட்டதும் உப்பு, நீர், ஒட்சிசன் எனப் பிரிந்துவிடும், அதனால் கண்ணுக்குக் கடுமை குறைவு. இலேசான வறட்சிக்கு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் போதும் என்பவர்களுக்கு, முதலில் வாங்கவேண்டியது இதுதான். குறை, ஈரம் நீண்ட நேரம் நிற்காது. காற்றுப் பலமான நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள் மறுபடி உறுத்தும்.

சிஸ்டேன் அல்ட்ராவில் பொலிஎதிலீன் கிளைகோல் 0.4%, புரோபிலீன் கிளைகோல் 0.3%. அதோடுள்ள குவார் பிசின் கண்ணீரோடு கலந்ததும் இலேசாகக் கூழ்போல் இறுகிப் பற்றிக்கொள்ளும். முதல் சில நிமிடம் பார்வை கொஞ்சம் மங்கலாம். கடற்கரையிலும் வள்ளத்திலும் காற்றுக்கு முகம் கொடுத்து வேலை செய்பவர்களுக்கு இது கூடுதல் பொருத்தம்.

ஹைப்ரோமெலோஸ் துளிகள்தான் விலை குறைந்தவை. பொருளில் பிழையில்லை, ஆனால் பெரும்பாலான குப்பிகளில் பென்சல்கோனியம் குளோரைட் இருக்கும். கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைக் குலைத்து, கருவிழியின் மேற்தோலைப் புண்ணாக்கும் சேர்க்கை அது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்றால் தாங்கலாம். உறுத்தல் குறையவில்லை என்று எட்டுத் தரம் விடுபவருக்கு மருந்தே வறட்சியைக் கூட்டும். நான்கு தரத்துக்கு மேல் தேவைப்பட்டாலே, பாதுகாப்புச் சேர்க்கை இல்லாத ஹயலுரோனேட் என்ற ஈரத் துளிக்கு மாறவேண்டும்.

அந்த வகை, ஒரு முறை விட்டு எறியும் சின்னக் குழாய்களாக வரும், அல்லது காற்று உள்ளே புகாத வால்வுள்ள குப்பியாக வரும். விலை பல மடங்கு. சிக்கனம் பார்த்து, உடைத்த குழாயை மூடி நாளைக்கு வைக்கவே கூடாது. சேர்க்கை இல்லாத திரவத்தில் கிருமியைத் தடுக்க ஒன்றும் இல்லை. 2023இல் அமெரிக்காவில், இந்தியாவிலிருந்து போன பாதுகாப்புச் சேர்க்கையற்ற செயற்கைக் கண்ணீரில் சூடோமோனாஸ் கிருமி கலந்திருந்ததால் 14 பேர் பார்வை இழந்தார்கள். சீல் உடைந்த குப்பியை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

"கண் சிவப்புப் போக" என்று தரப்படும் நாபசோலின் துளி வறட்சிக்கு மருந்தே அல்ல. இரத்தக்குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், நிறுத்தினால் முன்பைவிடச் சிவக்கும். ஸ்டீரொயிட் கலந்த துளியை வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் வாங்கி விடுவது அதைவிட மோசம். இரண்டே நாளில் சுகம் தெரியும், அதனால்தான் ஆபத்து. மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சி, அவ்வளவே. அதன் சாறையோ தாய்ப்பாலையோ கண்ணுக்குள் விடக்கூடாது.

நல்ல துளியும் வீணாவது விடும் முறையால். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, அந்தப் பைக்குள் ஒரே ஒரு துளி. இரண்டாவது துளிக்குக் கண்ணில் இடமில்லை, கன்னத்துக்குத்தான் போகும். பிறகு சிமிட்டாமல் ஒரு நிமிடம் மூடியிருங்கள். குப்பியின் நுனி இமையில் படக்கூடாது. வேறு கண் மருந்தும் விடுபவர் 5 நிமிடம் இடைவெளி விடவேண்டும். உடைத்த திகதியைக் குப்பியில் எழுதிவைத்து, லேபலில் வேறு காலம் சொல்லியிராவிட்டால் ஒரு மாதத்தில் எறியுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வெயிலில் வைத்த குப்பியை நம்பவேண்டாம்.

வறட்சிக்காரரில் பெரும்பாலோருக்கு இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருக்கும். காலையில் இமை ஒட்டுவதும், விளிம்பு தடித்துச் சிவப்பதும் அடையாளம். அவர்களுக்குத் துளியைவிட ஒத்தடம்தான் வேலை செய்யும். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துத் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 40 பாகை செல்சியஸ், 10 நிமிடம். நனைத்த துணி இரண்டு நிமிடத்திலேயே ஆறிவிடும், பலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து இரண்டு துணியை மாற்றி மாற்றி வையுங்கள். முடிந்த கையோடு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக வழித்துவிடுங்கள். காலை மாலை என்று 4 முதல் 6 கிழமை செய்தால்தான் வித்தியாசம் தெரியும். மீனெண்ணெய்க் குளிசைக்குக் காசு செலவழிப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை: 2018இல் வெளியான பெரிய ஆய்வில் நாளுக்கு 3 கிராம் எடுத்தவர்களுக்கு, ஒலிவ் எண்ணெய்க் குளிசை எடுத்தவர்களைவிட நன்மை கிடைக்கவில்லை.

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் கண் கிளினிக்குக்குப் போங்கள். இமையில் காகிதத் துண்டை 5 நிமிடம் தொங்கவிட்டு நனைந்த நீளத்தை அளப்பார்கள், 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சுரப்பே போதாது. மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் 10 செக்கனுக்குள் உடைகிறதா என்றும் பார்ப்பார்கள். பிரிட்டோன் போன்ற தடிமன் குளிசைகள், சில மனச்சோர்வு மருந்துகள், நீரிழிவு, மூட்டுவாதம், வாய் வறட்சி எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணின் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் 0.05% துளி எழுதித் தந்தால், எரிகிறது என்று இரண்டாம் கிழமை நிறுத்திவிடாதீர்கள், அது முழுப் பலன் காட்ட 3 முதல் 6 மாதம் எடுக்கும். பார்வை குறைந்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ பாமசி வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.