பாக்கெட் பால், அட்டைப்பெட்டிப் பால், பாட்டில் பால்: முக்கோணம் என்ன சொல்கிறது?

மூன்றிலும் பெரும்பாலும் அம்புக்குறி முக்கோணம் இருக்கும். அதைப் பார்த்ததும் "மறுசுழற்சி ஆகிவிடும்" என்று நிம்மதியாகக் குப்பையில் போடுகிறோம். ஆனால் பிளாஸ்டிக்கில் அதன் உள்ளே இருக்கும் 1 முதல் 7 வரையான எண் சொல்வது இது என்ன பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான். தரம் பிரிப்பவர்களுக்கு உதவியாக 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் துறையினர் கொண்டுவந்த அடையாளம் அது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2013-இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக்கினார்கள். நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் இன்னும் அம்புதான் ஓடுகிறது.

பாட்டில் பாலில் குழப்பமே இல்லை. கண்ணாடி போலத் தெரிந்தால் அடியில் 1, அதாவது பெட் (PET) என்ற பிளாஸ்டிக். பால்நிறத்தில் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் 2. இரண்டையும் காயலான் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். பெட் பாட்டில் பொடியாகி, பாலியெஸ்டர் நூலாகிறது. ஒரே குறை, ஒரு பாட்டிலுக்கு ஆகும் பிளாஸ்டிக்கில் பல பாக்கெட் செய்துவிடலாம்.

பாக்கெட்டில் இருப்பது 4, மெல்லிய பாலித்தீன். இதற்கும் விலை உண்டு, ஆனால் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால்தான். பால் ஒட்டியபடி கட்டிவைத்தால் இரண்டே நாளில் நாறும், கடைக்காரர் தொடமாட்டார். இன்னொன்று, மூலையை முழுசாகக் கத்தரிக்காதீர்கள். அந்தத் துணுக்கு சிங்க்கில் விழுந்து சாக்கடைக்குப் போய்விடும், அதை யாரும் பொறுக்க மாட்டார்கள். பாதி வெட்டித் தொங்கவிட்டால் பாக்கெட்டோடேயே இருக்கும்.

அட்டைப்பெட்டிதான் ஆளை ஏமாற்றும். காகிதம் போல இருக்கிறதே என்று பழைய பேப்பரோடு கட்டிவிடுகிறோம். சில பெட்டிகளில் முக்கோணத்துக்குள் 84 என்று போட்டிருக்கும்; பல பொருள் ஒட்டிய அட்டை என்று அர்த்தம். சுமார் முக்கால் பங்கு காகிதம், மீதி பாலித்தீன், கொஞ்சம் அலுமினியம். இவற்றைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால் காகிதக்கூழும் கூரைத் தகடும் கிடைக்கும். தெருமுனைக் கடையில் பெரும்பாலும் கழித்துக்கட்டிவிடுவார்கள். திறக்காத பெட்டியில் பால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது என்பது பெரிய வசதிதான், மறுக்கவில்லை.

என்னைக் கேட்டால், தினசரிப் பாலுக்குப் பாக்கெட்டே போதும், கழுவிச் சேர்க்கும் பழக்கம் இருந்தால். அதற்குப் பொறுமை இல்லாத வீட்டுக்குப் பாட்டில். பயணத்துக்கும், மழைநாளில் கரண்ட் போய்விடும் என்ற பயத்துக்கும் அட்டைப்பெட்டி.

அப்புறம், வெளிநாட்டு சாக்லேட் உறைகளில் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று தழுவிய வட்டம் ஒன்று வரும். ஜெர்மனியில் தொடங்கிய பச்சைப் புள்ளி அது. உறையைச் சேகரிக்கும் அமைப்புக்குத் தயாரிப்பாளர் கட்டணம் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கட்டணத்துக்கும் நம் வீட்டுக் குப்பைக்கூடைக்கும் சம்பந்தமே இல்லை.