கழுத்தில் அட்டையா, கைபேசியில் அட்டையா: மதுரைக் கல்லூரிகளுக்கு ஏற்றது எது?

மாணவர் அடையாள அட்டையைக் கைபேசிக்கு மாற்றலாமா என்று கல்லூரிகளில் பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் அச்சிடும் செலவிலும் வாயிலில் நீளும் வரிசையிலுமே முடிந்துவிடுகிறது. மாணவர் தம் அடையாளத்தை ஒரு கருவியிடம் காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரி ஏறுகிறது; அந்த வரி யாருடைய கணினியில் இருக்கிறது, எத்தனை காலம் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பட்டைக்குறியீடு அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை, தொட்டால் படிக்கப்படும் சில்லு அட்டை, கியூஆர் குறியீடு காட்டும் செயலி, கைபேசியின் வாலட்டுக்குள் (அட்டைகளைச் சேமிக்கும் செயலி) இருந்து, கருவியின் அருகே காட்டினாலே படிக்கப்படும் என்எஃப்சி அடையாளம் என இன்று நான்கு வழிகள் உள்ளன. நான்கையும் இந்தக் கேள்வியைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

பட்டைக்குறியீட்டு அட்டை மலிவானது. நூலகத்தில் கோஹா போன்ற மென்பொருளுடன் எளிதில் இணையும். மின்சாரமோ இணையமோ இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்து ஏற்கலாம். ஆனால் ஒளிநகல் எடுத்தாலே போலி உருவாகிவிடும். அதைவிட என்னை உறுத்துவது அதன் பின்பக்கம்தான். வீட்டு முகவரி, தந்தையின் கைபேசி எண், இரத்த வகை அனைத்தையும் அச்சிட்டு, அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒரு மாணவி பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டம் நிரம்பிய நகரப் பேருந்தில் செல்ல வேண்டியிருக்கிறது. தரவுக் கசிவு என்றதும் நாம் கணினி ஊடுருவலை நினைக்கிறோம். இங்கே கசிவை அச்சகத்திலேயே செய்து கொடுத்துவிடுகிறோம். பெயர், படம், பதிவெண், கல்லூரியின் அவசரத் தொலைபேசி எண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

சில்லு அட்டைகளில் எல்லாம் ஒரே தரமல்ல. 1994இல் வந்த மைஃபேர் கிளாசிக் வகையின் மறைகுறியாக்க முறையை, 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். உற்பத்தி நிறுவனமான என்எக்ஸ்பி அந்த ஆய்வு வெளிவருவதைத் தடுக்க வழக்குத் தொடுத்தது, நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்துவிட்டது. அதன் 48 பிட் சாவி இன்றைய கணினிக்குப் பொருட்டே அல்ல. ஆனாலும் விலை குறைவு என்பதற்காக அவ்வகை அட்டைகளே இன்னும் வாங்கப்படுகின்றன. ஏஇஎஸ் என்னும் வலுவான மறைகுறியாக்க முறையைப் பயன்படுத்தும் மைஃபேர் டெஸ்ஃபயர் வகை சற்று விலை கூடியது என்றாலும், விடுதிக் கதவையும் ஆய்வகத்தையும் அட்டையை நம்பித் திறப்பதென்றால் அதற்குக் குறைந்த எதையும் ஏற்கக் கூடாது. அட்டைக்குள் ஓர் எண் மட்டுமே இருந்து, மற்ற விவரங்கள் கல்லூரியின் வழங்கியில் (சர்வர்) இருக்குமாறு அமைத்தால், தொலைந்த அட்டையை எடுத்தவரிடம் மாணவரின் விவரங்கள் சேராது. அந்த எண்ணை அன்றே செல்லாததாக்கவும் முடியும்.

வேகமாகப் பரவிவரும் மூன்றாம் வழியான கியூஆர் செயலியே நான்கிலும் அதிகக் கவனம் வேண்டுவது. கல்லூரிக்குப் புதிய கருவிச் செலவு ஏறக்குறைய இல்லை. ஒரு சாதாரணக் கைபேசியே படிப்பானாகிவிடும். ஆனால் பதிவெண்ணை மட்டும் அடக்கிய, என்றும் மாறாத குறியீடாக அது இருந்தால், திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பிவிடலாம். நண்பர் அதைக் காட்டி வருகையைப் பதிவு செய்துவிடுவார். இதற்குத் தீர்வு உண்டு. மாணவரின் கைபேசியும் வழங்கியும் பகிர்ந்துகொண்ட ஓர் இரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் கொண்டு முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் குறியீட்டை உருவாக்கலாம். இதற்கு மாணவரின் கைபேசியில் இணையம் தேவையில்லை என்பதால் உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் மாணவரின் டேட்டா தீர்ந்திருந்தாலும் இயங்கும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி குறியீடு மாறுமா என்பதே.

இரண்டாவது கேள்வி, செயலி எந்தெந்த அனுமதிகளைக் கேட்கிறது என்பது. அடையாளம் காட்டும் செயலிக்குத் தொடர்புப் பட்டியலோ, கோப்புகளோ, எந்நேரமும் இருப்பிடமோ தேவையில்லை. வருகைப்பதிவையும் கட்டணத்தையும் பேருந்தின் இருப்பிடத்தையும் பெற்றோருக்கான குறுஞ்செய்தியையும் ஒரே செயலியில் கட்டி விற்கும்போது, மாணவரின் முழு நாளும் வெளிநிறுவனம் ஒன்றின் மேகக்கணினியில் ஒரே இடத்தில் சேர்கிறது. இத்துடன், காவலர் சரிபார்ப்பதற்காகத் திறந்த கைபேசியைக் கையில் வாங்கிப் பார்க்கும் வழக்கமும் சேர்ந்தால், மாணவரின் செய்திகளும் படங்களும் காவலரின் கண்முன் வந்துவிடுகின்றன. மாணவர் காட்ட, கருவி படிக்க வேண்டும். கைபேசி கைமாறக் கூடாது.

நான்காம் வழியே தொழில்நுட்பத்தில் மிக உறுதியானது. 2018 அக்டோபரில் டியூக், அலபாமா, ஓக்லஹோமா ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆப்பிள் வாலட் வழியாக மாணவர் அடையாளம் அறிமுகமானது. சாவி கைபேசியின் தனிப் பாதுகாப்புச் சில்லில் இருப்பதால் நகலெடுக்க முடியாது. சில ஐபோன்களில் மின்கலம் தீர்ந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை கதவைத் திறக்கலாம். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள மாணவர்களிடம் இருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் என்எஃப்சி கிடையாது. சில வீடுகளில் ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். இதைக் கட்டாயமாக்கும் கல்லூரி, தன் ஏழை மாணவர்களிடம் கைபேசி விலையையும் சேர்த்தே கட்டணமாகக் கேட்கிறது என்றே பொருள். கதவுகளின் பதிவு இந்த முறையிலும் கல்லூரியின் வழங்கியில்தான் சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

கைபேசியை நம்பும் இரண்டு வழிகளுக்கும் பொதுவான தடை தேர்வு அறை. அங்கே கைபேசி கொண்டுவரக் கூடாது. ஆகவே ஆளைச் சரிபார்ப்பது மிக முக்கியமான இடத்தில் கைபேசி அடையாளம் உதவாது.

தன்னாட்சிக் கல்லூரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978இல் தன்னாட்சி பெற்ற அமெரிக்கன் கல்லூரி போன்றவை தேர்வைத் தாமே நடத்தினாலும் பட்டத்தை வழங்குவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். மாணவர் விவரங்கள் ஈரிடத்தும் இருக்கும். மாணவர் பெறும் பாட மதிப்பலகுகளை (கிரெடிட்) சேர்த்துவைக்கும் கல்வி மதிப்பலகு வங்கிக்கான 12 இலக்க எண் வேறு. இவை அனைத்தையும் வாயில் அட்டையோடு பிணைப்பது வசதியாகத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. டிஜிலாக்கரில் வரும் மதிப்பெண் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் வேண்டும். உணவகத்துக்குள் எப்போது நுழைந்தார் என்பது மறுநாள்கூட யாருக்கும் வேண்டாம். இரண்டும் ஒரே எண்ணின்கீழ் ஒரே அட்டவணையில் இருக்கத் தேவையில்லை.

சட்டமும் மாணவர் தரவைக் காக்கும்படி வற்புறுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செயலியை வெளிநிறுவனம் நடத்தினாலும் பொறுப்பு கல்லூரியுடையது. போதிய பாதுகாப்பு இல்லாததால் கசிவு நேர்ந்தால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் அச்சட்டப்படி குழந்தை. பிளஸ் டூ முடித்து ஜூன், ஜூலையில் சேரும் முதலாண்டு மாணவர் பலருக்கு வயது பதினேழுதான். அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெறும் வழியைச் சேர்க்கைப் படிவத்திலேயே அமைக்க வேண்டும்.

ஆகவே மதுரைக் கல்லூரிகளுக்கு நான் பரிந்துரைப்பது, ஏஇஎஸ் சில்லு அட்டையை அனைவருக்கும் அடிப்படையாகக் கொடுத்து, மாறும் கியூஆர் செயலியை விரும்புவோருக்கு மட்டும் துணையாக வைத்துக்கொள்வதே. எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் காலவரையறை எழுத்தில் இருக்க வேண்டும்: வாயில் பதிவு முப்பது நாளில் அழிய வேண்டும், வருகைப்பதிவு பருவத் தேர்வு முடிவும் முறையீட்டுக் காலமும் முடியும் வரை இருக்கலாம், நூல் திரும்பியதும் அதை எடுத்தவரின் பெயர் அந்நூலிலிருந்து நீங்க வேண்டும், நிறுவனம் மாறும்போது பழைய நிறுவனம் தரவு முழுவதையும் ஒப்படைத்து, தன் நகலை அழித்ததை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.