ஆக்வர்ட்: ஒரு சொல், ஆறு வருட அகராதிப் பழக்கம்

ஸ்பெயினின் மத்ரித்தில் உடன் வேலை பார்க்கும் நாலைந்து பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வருடமாக எனக்குத் துணை வேர்டுரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தின் ஆங்கில–ஸ்பானிய அகராதி. அது எப்படி என்று யார் கேட்டாலும் ஆக்வர்ட் (awkward) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு முன் கைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்புச் செயலி வைத்திருந்தோம். ஆக்வர்டுக்கு அது தந்தது 'தோர்பே' என்ற ஒற்றை ஸ்பானியச் சொல். தோர்பே என்றால் கைகால் தடுமாறி எதையாவது தட்டிவிடுகிற ஆள். கதையில் வந்த ஆக்வர்ட் மௌனத்தை ஒரு மாணவி 'தடுமாறி விழும் மௌனம்' என்று படித்துவிட்டுத் திகைத்துப்போனார்.

வேர்டுரெஃபரன்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி உண்டு. எந்தப் பொருள் என்று சிறு குறிப்பும், இரு மொழியிலும் எடுத்துக்காட்டும் கூடவே வரும். ஆளுக்கும் அசைவுக்கும் தோர்பே, மௌனத்துக்கு இன்கோமோதோ, அதாவது சங்கடமானது, என்று உடனே பிரிந்துவிடும்.

ஆனால் இன்கோமோதோவை ஆங்கிலத்துக்குத் திருப்பிப் போடும்போது கவனம் வேண்டும். உட்கார வசதியில்லாத நாற்காலியையும் ஸ்பானியர் இன்கோமோதா (அதே சொல்லின் பெண்பால் வடிவம்) என்றுதான் சொல்வார்கள். அதையே ஆக்வர்ட் நாற்காலி என்றால், தூக்கவோ நகர்த்தவோ சிரமமான நாற்காலி என்றுதான் ஆங்கிலேயருக்குப் படும். என் வகுப்பில் அதிகம் வரும் பிழை இதுதான். தர்மசங்கடமான கேள்விக்கு எம்பராசோசோ என்ற சொல்லும் உண்டு, அதை எம்பராசாதாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்பராசாதா என்றால் கர்ப்பிணி.

சரி, இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன? சொற்பிறப்பு அகராதியில் பார்த்தேன். 'ஆக்' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, தப்பான பக்கம் திரும்பியது என்று பொருள். 'வர்ட்' திசையைக் காட்டும் விகுதி. கை கோணினால் தோர்பே, பேச்சு கோணினால் இன்கோமோதோ. இதைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகு யாருக்கும் மனப்பாடம் தேவைப்படவில்லை.

அகராதியில் எந்த நாட்டு வழக்கு என்று காட்டும் குறிகளும் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். 'மே தா பேனா' என்று மெக்சிகோக்காரர் சொன்னால் கூச்சம், மத்ரித்காரர் சொன்னால் பரிதாபம். கூச்சத்துக்கு இங்கே 'மே தா கோர்த்தே'.

அப்புறம், பதின்பருவத்தை ஆங்கிலத்தில் ஆக்வர்ட் ஏஜ் என்பார்கள். இதைச் சொன்னதும் பதின்மூன்று வயது மகன் உள்ள மாணவர் ஒருவர் சட்டென்று 'எதாத் தெல் பாவோ' என்றார். வான்கோழி வயது! அன்று அகராதியைத் திறக்கவே இல்லை.