மலையகக் குளிரில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி: நீண்ட காலப் பாவனையில் தெரிந்தவை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கும் பலர், கொஞ்ச நாளில் கடைப் பார்சலுக்கே திரும்பிவிடுகிறார்கள். மதியம் பெட்டியைத் திறந்தால் சோறு விறைத்து, கறியின் மேல் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தால் யாருக்குச் சாப்பிட மனம் வரும்? தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் நண்பகலிலும் பல நாள் அவ்வளவு சூடு வராது.

ஆகவே காசு போட வேண்டியது வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றுக்குத்தான். சோற்றைச் சாதாரணப் பெட்டியில் கட்டலாம். பிளாஸ்க்கில் அடைத்தால் குழைந்து கட்டியாகிவிடும். பிளாஸ்க் பருப்புக்கு. முதலில் கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் பருப்பைக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். சூடான பருப்பை ஊற்றிப் பிசைந்தால் ஆறின சோறும் இளகும். தேங்காய்ப்பால் இறக்கும்போது ஒரு கரண்டி போதும்.

ஒருவருக்குப் பச்சையரிசியோ நாட்டரிசியோ 100 முதல் 125 கிராம், மைசூர்ப் பருப்பு 40 கிராம். ஒரு கிலோ அரிசி எட்டுப் பத்து வேளைக்கு வரும். கூடவே கோவா, போஞ்சி, லீக்ஸ், எது மலிவோ அதில் ஒரு பிரட்டல். லீக்ஸின் பச்சைத் தாளை எறியாதீர்கள், நெடுக்காகக் கீறி மண்ணைக் கழுவினால் அதுவே ஒரு வேளைக் கறி.

மிச்சம் பிடித்த காசைத் தின்பது சமையல் கேஸ்தான். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் கடலையும் பயறும் திறந்த சட்டியில் லேசில் வேகாது. இரவே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் அவியுங்கள்.

இரவுச் சோற்றை ‘இங்கேதான் குளிராச்சே’ என்று வெளியே விடுவது ஆபத்து. சமைத்த பிறகும் சோற்றில் தப்பிப் பிழைக்கும் கிருமியை அடக்க 5 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும், அடுப்படிக் குளிர் அதற்குப் போதாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். தேங்காய்ச் சம்பலைச் சுடுசோற்றோடு வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். தேங்காய் சேராமல் மிளகாயும் வெங்காயமும் இடித்துச் செய்யும் கட்டச் சம்பல் தாங்கும். கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போகிறவர்களின் ரொட்டிக்கும் அதுவே ஏற்றது.

பிளாஸ்க் மூடியின் ரப்பரைத் தினமும் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் கருவாட்டு வாடை போகவே போகாது. கீழே விழுந்த பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அது இனிச் சூடு தாங்காது, உலர் சாமான் போட்டுவைக்கத்தான் உதவும்.